தியேட்டர்ல லைட்டை அணைக்க ஆரம்பிச்சது எப்போ? இது தெரிஞ்சா அசந்துடுவீங்க!

[திரை முழுக்க இருட்டு. குரல் மட்டும்.]

லைட் அணையுது. பக்கத்துல பேசிட்டிருந்தவங்க டக்குனு அடங்குறாங்க. எல்லார் கண்ணும் மேடைக்குப் போகுது. தியேட்டர்னா இப்படித்தான்னு நினைக்கிறோம், இல்லையா? நாடகத்தோட வயசு சுமார் 2,500 வருஷம். ஆனா பார்வையாளர்களை இருட்டுல உட்கார வைக்கிற பழக்கம் பரவி 150 வருஷம்கூட ஆகலை!

[வெளிச்சம். எபிடாரஸ் அரங்கம்.]

கிரேக்கத்துல எபிடாரஸ், கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. மலைச்சரிவுல சுமார் 14,000 பேருக்கு இடம். கூரை கிடையாது, சூரியன்தான் விளக்கு. ரோமர்கள் மலையை விட்டுட்டு, சமதரையிலயே அரங்கத்தைக் கட்டி எழுப்பினாங்க. அப்படியே வேகமா 1599-க்கு வாங்க. லண்டன், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம். இங்கயும் மேல திறந்த வானம், மத்தியானம்தான் நாடகம். அப்போ ராத்திரி காட்சி வந்தா? நடிகர் கையில தீப்பந்தத்தோட வருவார், "என்ன இருட்டு!"ன்னு பேசுவார். பட்டப்பகல்ல நிக்கிற கூட்டம் அதை ராத்திரின்னு நம்பும். இதுக்கு ஈடா ஒரு ஸ்பெஷல் எஃபெக்ட் இன்னிக்கும் கிடையாதுன்னு நான் சொல்லுவேன்.

இங்க கொஞ்சம் நிக்கணும், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. சிலப்பதிகாரம், அரங்கேற்று காதை. மாதவி ஆடின மேடைக்கு அளவு கொடுத்திருக்கார் இளங்கோ: எட்டுக் கோல் (அந்தக் கால நீள அளவு) நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். வர ஒரு வாசல், போக ஒரு வாசல். மூணு வகைத் திரை. இதெல்லாம் சரி, இன்னொரு வரியைக் கேளுங்க. தூணோட நிழல் மேடையில விழாம வெளிப்பக்கம் போகுற மாதிரி விளக்கு வைக்கணுமாம்! ஆடுறவங்க முகத்துல நிழல் விழக்கூடாதுன்னு ஒருத்தர் யோசிச்சிருக்கார் பாருங்க. இன்னிக்கு லைட்டிங் பண்றவங்க தினமும் மல்லுக்கட்டுற பிரச்சினை இதேதான்.

[மெழுகுவர்த்திச் சரவிளக்கு.]

ஐரோப்பாவுல நாடகம் கட்டடத்துக்குள்ள வந்ததும் மெழுகுவர்த்தி வந்தது. பார்வையாளர் தலைக்கு மேலயும் சரவிளக்கு எரியும். குதிரை லாட வடிவத்துல சுத்தி அடுக்கடுக்கா பால்கனி. அங்க உட்கார்ந்தா மேடையைவிட எதிர் பால்கனி நல்லாத் தெரியும். நாடகம் பார்க்க வந்த மாதிரியே, யார் வந்திருக்காங்கன்னு பார்க்கவும் வந்தாங்க. பாரிஸ்ல பணக்காரங்க மேடை மேலயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க! அதை நிறுத்தினது 1759-லதான்.

1817-ல லண்டன் அரங்கங்களுக்கு கேஸ் விளக்கு வந்தது. மேடை ஓரத்துல நிக்கிற ஒரே ஆள் வால்வைத் திருப்பினா வெளிச்சம் கூடும், குறையும். 1876-ல ஜெர்மனியில பைராய்ட் ஊர்ல இசையமைப்பாளர் வாக்னர் தன் இசை நாடகத்துக்காகவே ஒரு அரங்கம் கட்டினார். பக்கவாட்டு பால்கனியை எடுத்தார், வாத்தியக் குழுவைப் பள்ளத்துல மறைச்சார், ஹாலை இருட்டாக்கினார். மேடையைத் தவிர பார்க்க வேற ஒண்ணும் இல்லை. அந்த இருட்டுதான் மெல்ல மெல்ல உலகம் முழுக்கப் போச்சு.

[உடையும் பல்பு, ஸ்லோ மோஷன்.]

1881, லண்டன் சவாய் தியேட்டர். சுமார் 1,200 மின்விளக்கு. ஜனங்களுக்கு மின்சாரம்னாலே பயம். உரிமையாளர் டாய்லி கார்ட் மேடைக்கு வந்தார். எரியுற பல்பை மெல்லிய மஸ்லின் துணியில சுத்தினார். எல்லார் முன்னாடியும் அடிச்சு உடைச்சார். பல்பு அணைஞ்சது, துணியில ஒரு கருகல்கூட இல்லை! ஒரு தொழில்நுட்பத்தை இதைவிட அழகா யாராவது விளக்க முடியுமா?

ஆனா தீ ஆபத்து போயிடலை. 1903 டிசம்பர் 30, சிகாகோ, இரோகுவாய் தியேட்டர். மேடையோட ஆர்க் விளக்குல இருந்து பறந்த பொறி திரைச்சீலையில பத்திக்கிச்சு. வெளிய போற கதவுகள்ல பல பூட்டியிருந்தது, சிலது திரைக்குப் பின்னால மறைஞ்சிருந்தது. 602 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் பல ஊர்ல சட்டத்தை இறுக்கினாங்க: கதவு வெளிப்பக்கம் திறக்கணும், வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரியணும்.

அடுத்த தடவை ஹால்ல லைட் அணையும்போது அந்தச் சின்ன எக்ஸிட் பலகை எங்க எரியுதுன்னு ஒருமுறை திரும்பிப் பாருங்க. பார்த்துட்டு வந்து கமெண்ட்ல சொல்லுங்க.