ஆழாக்கு எண்ணெயும் ஷாம்புச் சரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

நிலையத்திலிருந்து பேசியவர், "சமூக மாற்றம், சுற்றுச்சூழல், இன்றைய வாழ்க்கை, இதில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் சார், பதினைந்து நிமிடம்" என்றார். மூன்றுமே பெரிய விஷயம். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு மளிகைக் கடை. கோவில்பட்டியில் என் அப்பா நடத்திய கடை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பொட்டலம் மடிக்க உட்கார்ந்துவிடுவேன். அதனால் அந்தக் கடையில் இருந்தே பேசிவிடுகிறேன்.

எழுபதுகளில் எங்கள் கடையில் பாக்கெட்டில் வந்த பொருட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி, ஊதுபத்தி, ஒன்றிரண்டு காப்பித்தூள் பொட்டலம். மற்றதெல்லாம் சாக்கிலும் தகரத்திலும்தான். துவரம்பருப்பு, மல்லி, வத்தல், புளி எல்லாம் வாய் மடித்த சாக்குகளில் வரிசையாக நிற்கும். உப்பு மூட்டை மட்டும் வாசலுக்கு வெளியே. ராத்திரி கடை அடைக்கும்போதுகூட அதை உள்ளே எடுத்து வைத்த ஞாபகம் இல்லை. உப்பை யாரும் திருட மாட்டார்கள் என்பார் அப்பா.

எங்களிடம் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை சம்பளம். மற்ற நாட்களில் கையில் இருக்கிற சில்லறைக்கு ஏற்ற மாதிரி வாங்குவார்கள். "அண்ணாச்சி, ஆழாக்கு கடலெண்ணெய், காலணாவுக்குக் கடுகு" என்று ஒரு பாட்டில் உள்ளே நீளும். காலணா செல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனாலும் கடுகுக்கு மட்டும் காலணாதான் பேச்சில் இருந்தது. அப்பா, "என்ன தாயி, நேத்துப் பாக்கி?" என்று கேட்டுக்கொண்டே எண்ணெய்த் தகரத்துக்குள் குவளையை விடுவார்.

பாட்டில் அவர்களுடையது. கழுத்தில் சணல் கயிறு கட்டியிருக்கும். பருப்புக்குப் பை, இல்லாவிட்டால் முந்தானை. பொட்டலத்துக்கு நாங்கள் தருவது பழைய பேப்பரும் நூலும். பழைய பரீட்சைத் தாளும் எடைக்கு வரும். சரித்திரத்தில் 100க்கு 17 வாங்கிய ஒரு பையனின் விடைத்தாளை விரித்துப் படித்துவிட்டு அதில் சீரகம் மடித்திருக்கிறேன். அந்த நூலையும் வீட்டில் யாரும் வீசமாட்டார்கள், ஒரு குச்சியில் சுற்றிச் சேர்ப்பார்கள். பூக் கட்ட ஆகும்.

இப்போதெல்லாம் இந்தப் படத்தை ரொம்ப அழகாகக் காட்டுகிறார்கள். 'நம் முன்னோர் குப்பையே இல்லாமல் வாழ்ந்தார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு முறையாவது எனக்கு வருகிறது. அனுப்புகிறவர்களில் என் தம்பியும் ஒருவன். குப்பை இல்லாமல் வாழ்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது குணத்தால் வந்தது இல்லை. பாட்டிலுக்கு விலை அதிகம், எண்ணெய் கொஞ்சமாகத்தான் வாங்க முடியும், அதனால் பாட்டில் திரும்பத் திரும்பக் கடைக்கு வந்தது. என் அப்பாவுக்குச் சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே தெரியாது. பேப்பர் மிச்சமானால் காசு மிச்சம், அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கோடு வேறொன்றும் இருந்தது. இதை வானொலியில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் ஊற்றும்போது அப்பா பாட்டில் வாயில் புனலை வைத்து ஊற்றுவார். காலனிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பாட்டிலை நீட்டினால் மட்டும் புனல் கிடையாது. ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுவார். நூல் இறங்குகிற மாதிரி எண்ணெய் இறங்கும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. பாட்டிலைப் பிடித்திருக்கும் அந்த அம்மாவும் கையை அசைக்காமல், மூச்சைக்கூட விடாமல் நிற்பார். பத்து வயதில் நான் அதைப் பார்த்து அசந்துபோவேன். எங்கள் அப்பா எவ்வளவு கைதேர்ந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன். அது என்ன கைத்திறமை, எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று எனக்கு விளங்கக் கல்லூரிக்குப் போகவேண்டியிருந்தது. அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை.

எண்பதுகளில் கடைக்குள் ஷாம்புச் சரம் வந்தது.

இந்தச் சின்ன பாக்கெட்டின் கதை நம் ஊர்க் கதை. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்குகிற பொருளைக் கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்க முடியவேண்டும் என்று நினைத்தார். அதற்காகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டுக் கொடுக்கும் வழியைத் தேடினார். அப்படித்தான் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டில் வந்தது. அவர் மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாக ஒரு கம்பெனி தொடங்கி, சிக் ஷாம்பு என்று கொண்டுவந்தார். பிற்பாடு வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளே இந்த வழிக்கு வந்தன. இன்றைக்கு இந்தியாவில் எந்தக் குக்கிராமத்துப் பெட்டிக்கடைக்குப் போனாலும் தலைக்கு மேலே தோரணம் மாதிரி தொங்குகிறதே, அதற்குக் கடலூரிலிருந்து வந்த யோசனை ஒரு பெரிய காரணம்.

எங்கள் கடையில் முதல் சரத்தை ஆணியில் மாட்டியது நான்தான். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. சீயக்காய்த்தூள் மூட்டையைக் காட்டி, "இது இருக்கும்போது அதை எவன் வாங்குவான்?" என்றார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சின்னப் பெண்கள் வாங்கினார்கள். ஒரு சரம் சனிக்கிழமை ராத்திரிக்குள் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் அல்லவா.

நான் கவனித்தது இன்னொன்று. சரத்திலிருந்து பாக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது யாருக்கும் உயரம் கிடையாது. மேலத்தெரு டீச்சருக்கும் காலனி அம்மாவுக்கும் ஒரே மாதிரி கிழித்து ஒரே மாதிரி கையில் கொடுத்தாகவேண்டும். விலை அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது, கூட்டிச் சொல்ல முடியாது. எடையில் கட்டைவிரல் விளையாட முடியாது. எண்ணெயும் அப்புறம் கவரில் வந்தது. சாண் உயரத்திலிருந்து ஊற்றுகிற வேலை தானாக நின்றது. எந்தத் தலைவர் பேசியும் எங்கள் கடையில் நிற்காத ஒன்றை ஒரு பிளாஸ்டிக் கவர் நிறுத்தியது. வெளியே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லவரவில்லை. எங்கள் கல்லாவுக்கு முன்னால் இருந்த மூன்றடி இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அதனால்தான் யாராவது 'பிளாஸ்டிக் ஒழிக, பழைய காலம் வாழ்க' என்று ஒரே மூச்சில் சொன்னால் என்னால் கைதட்ட முடிவதில்லை.

அதற்காகப் பாக்கெட்டுக்கு வக்காலத்து வாங்கவும் முடியாது. எங்கள் தெருவில் பழைய பொருள் எடுக்க வருகிறவரிடம் கேட்டுப்பாருங்கள். பால் கவரை எடுத்துக்கொள்வார். அதற்கு எடைக்கு விலை உண்டு. எண்ணெய் டின், பாட்டில், அட்டைப்பெட்டி எல்லாம் எடுப்பார். ஷாம்பு கவரை மட்டும் காலால் தள்ளிவிட்டுப் போவார். பல அடுக்காக ஒட்டிச் செய்தது, பிரித்து உருக்க முடியாது, ஆயிரம் சேர்த்தாலும் எடை நிற்காது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் குப்பைப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் சாலை வரைக்கும் அந்தக் கவரை யார் பொறுக்கிக் கொண்டுபோவது? எங்கள் ஊர் ஓடையில் கிடப்பதெல்லாம் சாலைக்குப் போகாத கவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். அந்தச் சிக் ஷாம்பு கம்பெனி ஆரம்பத்தில் ஒரு திட்டம் வைத்தது. ஐந்து காலி பாக்கெட்டைக் கடையில் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் சும்மா. முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி என்றார்கள், பிறகு தங்கள் பாக்கெட் மட்டும் என்று மாற்றினார்கள். வியாபாரம் பிடிப்பதற்காகச் செய்தது, சுற்றுச்சூழலுக்காக இல்லை. ஆனால் பலன் என்னவாக இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். காலி பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்த வரைக்கும் அது தெருவுக்குப் போகாது, கடைக்குத்தான் திரும்பும். கோலி சோடா பாட்டில் மாதிரி.

இதே சங்கதியை 2022இல் நீலகிரியில் பார்த்தோம். காட்டில் வீசிய மதுப் பாட்டில் உடைந்து யானைக் காலிலும் மான் காலிலும் குத்துகிறது என்று வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு மே மாதம் முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். விற்றதில் மிகப் பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவருக்குக் காட்டின் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டதா என்ன? தான் குடிக்காவிட்டாலும் பிறர் வீசிய பாட்டிலைப் பொறுக்கிக் கொடுத்துக் காசு வாங்கியவர்களும் உண்டு. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள்.

ஆனால் நமக்கு அறிவுரைதான் கைவந்த கலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை வருகிற இயந்திரம்கூட வைத்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது மஞ்சப்பை என்றால் பட்டிக்காட்டான் என்று கேலி. என் அக்கா கல்யாணத்துக்கு அடித்த தாம்பூலப் பையைக் கல்லூரிக்குக் கொண்டுபோக வெட்கப்பட்டு வேட்டிக்குள் மறைத்திருக்கிறேன். இப்போது அதையே கையில் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். சந்தோஷம்தான். ஒன்று கவனித்தீர்களா? பையை எடுத்துப்போக மறந்ததற்கு வீட்டில் திட்டு வாங்குவது யார்? பாத்திரத்தைக் கழுவி வைக்கவேண்டியது யார்? சிக்கனம் என்று நாம் பாராட்டுகிற பழைய வாழ்க்கையில் பாட்டிலின் எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது பூராவும் பெண்கள்தான். அது எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறவில்லை.

சரி, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். என் கதையையும் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் பரணில் கிடந்த எவர்சில்வர் தூக்குவாளியை இறக்கித் தேய்த்தேன். நானேதான் தேய்த்தேன், நம்புங்கள். காலையில் இட்லி, சாம்பார் வாங்க அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஓட்டலுக்குப் போனேன். பார்சல் கட்டுகிறவர் வாளியை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். சாம்பாரை அதில் ஊற்றினார், பிடித்துப் பார்த்தார், அந்தக் கவரை என் வாளிக்குள் கவிழ்த்தார், காலிக் கவரைக் கூடையில் போட்டார். சட்னிக்கும் அப்படியே. நான் வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"ஏன் தம்பி, நேராக வாளியில் ஊற்றக்கூடாதா?" என்றேன்.

"அளவு தெரியாது சார். கவர்தான் எங்களுக்கு அளவு. கூடப்போனா முதலாளி ஏசுவாரு, குறைஞ்சா நீங்க ஏசுவீங்க."

நியாயம்தானே. எங்கள் கடையில் ஆழாக்கு இருந்த இடத்தில் இங்கே கவர் உட்கார்ந்திருக்கிறது. அளக்கிற பாத்திரமே போய்விட்டால் வாளி கொண்டுபோய் என்ன புண்ணியம்?

வீட்டில் அப்பாவின் பித்தளை உழக்கு இருக்கிறது. என் மனைவி அதில் பேனா, கத்தரிக்கோல் போட்டு வைத்திருக்கிறாள். அதைக் கொண்டுபோய் அந்தத் தம்பியிடம் கொடுக்கலாம் என்று கை நீட்டினேன். "பித்தளையில் புளி ஊத்துனா களிம்பு ஏறும். ஈயம் பூசணும், பூச ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருவில் துருத்தி வைத்து உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். ஓட்டலில் நானும் அந்தத் தம்பியும் கவரில் ஊற்றியும் டம்ளரில் ஊற்றியும் பார்த்தோம். சாம்பாருக்கு முழு டம்ளர், சட்னிக்குப் பாதி. முதலாளியும் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நீங்க ஒருத்தர்தான் சார் வாளி கொண்டு வர்றீங்க" என்றார். குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா தெரியவில்லை.

ஒரு பத்து நாள் டம்ளரில் அளந்தார்கள். போன வாரம் போனேன். பார்சல் கட்டும் இடத்தில் வேறொரு பையன் நின்றான். டம்ளர் தண்ணீர் டிரம் மேல் கவிழ்ந்து கிடந்தது, யாரோ அதில் தண்ணீர் குடித்துவிட்டு வைத்திருந்தார்கள். பையன் வாளியை வாங்கினான், கவரை எடுத்து ஊதி விரித்தான். பின்னால் ஆறேழு பேர் அவசரத்தில் நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வணக்கம்.