இருபது பிள்ளைகளின் சதவீதம்

வணக்கம். இந்த அரங்கில் பாதிப் பேர் டாக்டர்கள். மீதிப் பேர் டாக்டரைக் கட்டிக்கொண்டதால் இந்த மலைப்பக்கம் வந்து சேர்ந்தவர்கள். நான் இரண்டாவது வகை. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் வந்து பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர் ஊர் திரும்பாமல் அமெரிக்காவிலேயே இருக்க ஒரு வழி, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்ப்பது. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். அதில் ஓர் இடம் என் மனைவிக்குக் கிடைத்தது. ஐந்து வயது மகளோடு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஒரு சின்னக் கவுண்டிக்கு, நம் ஊர் மாவட்டம் மாதிரி, வந்து இறங்கினோம்.

வந்ததும் என்ன செய்தேன்? நீங்கள் எல்லாரும் செய்ததைத்தான். பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் இணையதளத்தைத் திறந்தேன். கவுண்டியில் மூன்று எலிமெண்டரி ஸ்கூல். ஒன்றுக்கு 8, ஒன்றுக்கு 5, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததற்கு 3. தொண்ணூற்றிரண்டு வாங்கி வந்தால் "மீதி எட்டு எங்கே?" என்று கேட்ட அப்பாவிடம் வளர்ந்தவன் நான். அன்றைக்குத் தூக்கம் வருமா?

அந்த 3 எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன். 2015-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணக்குக்கும் மாநிலத் தேர்வு உண்டு. ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில் தேர்வு எழுதுவது மூன்றே வகுப்பு. எங்கள் ஊரில் வகுப்புக்குச் சுமார் இருபது பேர். அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு ஐந்து சதவீதம்! நாலு பிள்ளைகள் தேர்ச்சிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் அந்த வகுப்பின் தேர்ச்சி அறுபதிலிருந்து நாற்பதுக்கு வந்துவிடும். ஆசிரியரும் பாடமும் போன வருடத்தவைதான், மாறியது நாலு பிள்ளைகள். நூற்றைம்பது பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இங்கே சரிக்கட்ட ஆள் கிடையாது. அதனால்தான் இப்படிப்பட்ட பட்டியல்களின் உச்சியிலும் சின்னப் பள்ளிகள் நிறைய இருக்கும், அடியிலும் நிறைய இருக்கும். உச்சியை மட்டும் பார்த்துவிட்டு, சின்னப் பள்ளிதான் சிறந்தது என்று கோடிகளைக் கொட்டியவர்களும் இந்த நாட்டில் உண்டு.

சரி, மூன்று நாலு வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் போதாதா? ஆட்டம் கொஞ்சம் குறையும். ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. முதல் தேர்வே மூன்றாம் வகுப்பில்தான். அந்த மதிப்பெண்ணில் எட்டு வயதுவரை பிள்ளை வீட்டில் கேட்ட பேச்சு, சாப்பிட்ட சாப்பாடு, வீடு மாறிய தடவைகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் என்ற ஆய்வாளர் நாடு முழுவதும் உள்ள பள்ளி மாவட்டங்களின் தேர்வுகளைத் திரட்டிப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் ஒரு மாவட்டம் எங்கே நிற்கிறது என்பதற்கும், அங்கிருந்து எட்டாம் வகுப்புக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. சிகாகோ பிள்ளைகள் கீழே இருந்து தொடங்கி, ஐந்து வருடத்தில் ஆறு வருடப் படிப்பு முன்னேறியிருந்தார்கள். எந்த உயரத்தில் நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கிற எண், பள்ளியைவிட வீட்டைத்தான் அதிகம் அளக்கிறது.

வீடு என்றதும் மெக்டவல் கவுண்டியைச் சொல்ல வேண்டும். இதே மாநிலத்தின் தென்கோடி. 1950-இல் நிலக்கரியை நம்பி அங்கே ஏறத்தாழ 99 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். 2001-இல் மாநில அரசே அங்குள்ள பள்ளிகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2013-இல்தான் திருப்பிக் கொடுத்தது. பன்னிரண்டு வருடம்! அங்குள்ள ஆசிரியர் தட்டுப்பாட்டுக்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. வெளியூரிலிருந்து வரும் இளம் ஆசிரியருக்கு வாடகைக்கு ஒரு நல்ல வீடு கிடைப்பதில்லை. அதனால் ஆசிரியர் சங்கமும் மற்றவர்களும் சேர்ந்து, வெல்ச் என்ற ஊரில் ஆசிரியர்களுக்காக அடுக்ககம் கட்டும் வேலையில் இறங்கினார்கள். கல்விக் கொள்கையாக ஓர் அடுக்குமாடிக் கட்டடம்! எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

"இலவச மதிய உணவு வாங்குகிற ஏழைப் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று பார்த்து, ஒரே மாதிரிப் பள்ளிகளை ஒப்பிடலாமே" என்று இங்கே ஒரு தம்பி கேட்டார். நல்ல யோசனைதான், ஒரு காலத்தில். 2010-இல் ஒரு சட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளி எல்லாருக்குமே இலவசமாகச் சாப்பாடு போடலாம் என்றது. யாரும் படிவம் நிரப்ப வேண்டாம், கூச்சப்பட வேண்டாம். சத்துணவு வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அப்படிப்பட்ட பள்ளிகளில் இந்த எண்ணை வைத்து ஒன்றையும் பிரித்தறிய முடியாது. எல்லாமே நூறு.

பிறகு எதைப் பார்ப்பது? நான் பஸ்ஸைப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். இந்த மாநிலத்தில் 1990-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடி, பெரிய பள்ளிகளோடு சேர்த்தார்கள். 8 வாங்கிய பள்ளி வரைபடத்தில் பன்னிரண்டு மைல்தான். மலைப்பாதையில், நின்று நின்று போகிற மஞ்சள் பஸ்ஸில் அது ஒரு மணி நேரம். அங்கே போக என் மகள் காலை ஆறரைக்கே பஸ் ஏற வேண்டும். பனி பெய்தால் அவள் தூரத்துப் பள்ளிக்குப் போவதே சந்தேகம். பள்ளி நாள்களில் பத்தில் ஒரு பங்கு போகாவிட்டால் நாள்பட்ட வருகைக்குறைவு என்று இங்கே கணக்கு. 180 நாளில் 18 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டே நாள்.

அப்புறம் 3 வாங்கிய பள்ளிக்கு நேரில் போனேன். மூன்று கேள்வி கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? முதல் வகுப்புப் பிள்ளை வாசிக்கத் திணறினால் யார், எந்த மாதத்தில் கண்டுபிடிக்கிறார்கள்? தேர்ச்சி பெறாத பிள்ளை போன வருடத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது? இரண்டாவது கேள்வியை நான் மிசிசிப்பி மாநிலத்திடம் கற்றேன். 2013-இல் அங்கே ஒரு வாசிப்புச் சட்டம் வந்தது. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பது. கடைசியில் சொன்னது எனக்கு உறுத்துகிறது, அதை ஒளிக்கவில்லை. ஆனாலும் நாலாம் வகுப்பு வாசிப்பில் நாட்டின் கடைசி வரிசையில் கிடந்த மாநிலம் 2019-இல் தேசிய சராசரியைத் தொட்டது. 2024-இல் தாண்டியது.

பிரின்சிபால் அம்மா மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், பென்சிலில். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்தப் பையன் இங்கே வந்தபோது எழுத்தே தெரியாது" என்றார். மகளை அங்கேயே சேர்த்தோம். அந்த வருடம் பள்ளிக்கு 3, அடுத்த வருடம் 6, அதற்கடுத்த வருடம் 4. அந்த அம்மா இன்னும் அதே பென்சிலில்தான் எழுதுகிறார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டாக்டர்களுக்கு பேஜர் அடிப்பதற்குள் கேட்டுவிடுங்கள்.