மழை நாளில் கோட்டை மலை ஏற

வணக்கம் நேயர்களே.

கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர் பாரா மகால். பாரா மகால் என்றால் பன்னிரண்டு கோட்டை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறை மலைகள் பலவற்றின் தலையில் இன்றும் ஒரு மதில் சுற்று நிற்கிறது. நண்பர்கள் நாலைந்து பேர், கையில் ஆளுக்கு இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு இருந்தால் இராயக்கோட்டை மலைக்குப் போய் வரலாம். வெயில் காலத்தில் பாறை கொதிக்கும். அதனால் ஆவணி, புரட்டாசிதான் பலருக்கும் தோது. ஆனால் மழைக்கால மலை வேறு மலை. அதில் ஏறுவதைவிட இறங்குவதுதான் வேலை.

முதலில் நேரம். நம் பக்கத்தில் இந்த மாதங்களில் பெய்வது பெரும்பாலும் மாலை இடிமழை. பகல் முழுக்க நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலே கிளம்பி, மூன்று மணிவாக்கில் மேகம் கோபுரமாகக் கட்டும். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்றால் பதினொன்றரைக்கு உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குக் காலை ஏழு, ஏழரைக்கு ஏறத் தொடங்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்தால் சரியாக இருக்கும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்கு ரயிலும் உண்டு. சேலம்–பெங்களூரு தடத்தில் இராயக்கோட்டைக்கு நிலையம் இருக்கிறது.

செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் காலணி. மழைக்கோட்டுக்கு ஆயிரம் கொடுத்துவிட்டு, தேய்ந்த ஷூவோடு வருபவர்கள்தான் அதிகம். ஷூவின் அடியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் சற்றே பதிந்தால் ரப்பர். பதியாமல் வழுக்கினால் கெட்டி பிளாஸ்டிக். ஈரப்பாறையில் அது சோப்புக்கட்டி. கால்பந்து ஷூவின் குமிழ்கள் சேற்றுக்குத்தான் ஆகும், பாறைக்கு ஆகாது. குடை வேண்டாம், மேலே காற்று அதைப் பிடுங்கும். முழங்காலுக்குக் கீழே தொங்கும் மழை அங்கியும் வேண்டாம், இறங்கும்போது காலடி தெரியாது. யூரியா சாக்கை ஒரு மூலையில் மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் நம் ஊர் வழக்கம் இடுப்போடு நின்றுவிடுகிறது. இந்த வேலைக்கு அது உத்தமம்.

பாறையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நனைந்த கருங்கல் அவ்வளவாக வழுக்காது, அதன் சொரசொரப்பு அப்படியேதான் இருக்கும். வழுக்குவது அதன்மேல் படிந்த பாசி. மேலிருந்து நீர் வடியும் தடங்களில் கறுப்புப் பட்டைகள் தெரியும். காய்ந்திருக்கும்போது அது வெறும் கறை; தண்ணீர் பட்டதும் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். கறுப்பை விட்டு, வெளிர் சாம்பல் நிறத்தில் கால் வையுங்கள். கறுப்புப் பட்டையைக் கடந்தே ஆக வேண்டுமானால் குறுகலான இடத்தில் ஒரே எட்டாகத் தாண்டுங்கள். இன்னொரு எதிரி பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் பருமணல். கேழ்வரகு கொட்டிய தரையில் நடப்பதுபோல் காலை உருட்டிவிடும்.

இறங்கும்போது பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அதுதான் தவறு. சாய்ந்ததும் எடை குதிகால் விளிம்புக்குப் போய், பாதி அடிப்பாகம் பாறையைத் தொடாமல் நிற்கிறது. முழங்காலை மடக்கி, எடையைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து, முழு அடியும் பதிய நடக்க வேண்டும். தேய்ந்த படிகளின் நடுப்பகுதியில் தண்ணீர் தேங்கும், ஓரமாக, பக்கவாட்டில் இறங்குங்கள். கைகோத்துச் சங்கிலியாக இறங்குவது நட்புக்கு அழகுதான். ஒருவர் சறுக்கினால் அத்தனை பேரும் சறுக்குவார்கள். ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால், அனுபவசாலி கடைசியில். முன்னால் ஓடிக் காட்டும் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரிடம் சோற்றுப் பையைக் கொடுத்துவிடுங்கள்.

சோறு என்றதும் அளவு சொல்கிறேன். ஆறு பேருக்கு முக்கால் கிலோ அரிசியில் புளிச்சோறு. தேங்காய்ச் சட்னி இந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் ஊசிவிடும், வேர்க்கடலைத் துவையலே போதும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். குளிர்ந்த காற்றில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போய்க்கொண்டே இருக்கும். இறங்கும்போது கெண்டைக்கால் களைத்து இழுத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். ஒரு லிட்டருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு பாட்டில் தனியாக இருக்கட்டும். அட்டைப்பூச்சிக்கென்று உப்பு மூட்டை கட்ட வேண்டாம், இது வால்பாறை அல்ல.

மேலே போனால் மதில்மீது ஏறிப் படம் எடுக்கத் தோன்றும். இரண்டு கல்வரிசைக்கு நடுவே மண் நிரப்பிய சுவர்கள் மழையில் ஊறிக் கனத்து, வெளிக்கல்லைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மேலேயும் ஏறக்கூடாது, அடியிலும் உட்காரக்கூடாது. கல்லிடுக்கில் கை விடாதீர்கள், சுருட்டை விரியன் இருக்கும் இடம் அது. சுனையில் இறங்காதீர்கள், கரை பாசி, ஆழம் தெரியாது. பாறைச் சரிவின் அடியில் மலைத்தேன் கூடு தொங்கினால் புகை, வாசனைத் திரவியம், கூச்சல் மூன்றும் ஆகாது. சுவரில் பெயர் கீறும் காதலர்களுக்கும் ஒரு தகவல்: இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நின்று பார்க்க வேண்டியது காட்சி. கீழே பாரா மகால் சமவெளி, மறுபக்கம் மைசூர் மேட்டுநிலம். இரண்டுக்கும் இடையிலான வழியைக் காத்து நின்றதால்தான் 1791 ஜூலையில் ஆங்கிலேயர் திப்புவின் படையிடமிருந்து இதைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரா மகாலே அவர்கள் கைக்குப் போயிற்று.

மின்னலைக் கண்டதும் நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். தனி மரமும் திறந்த கல்மண்டபமும் காப்பாற்றாது. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் போகாமல் மறுபடி ஏறக்கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கி இறக்கி, 108.

திரும்பும் வழியில் இராயக்கோட்டையில் தக்காளி மலிவாக இருந்தால் பை நிறைய வாங்கி வரலாம்; அந்த ஊர்ச் சந்தையே தக்காளிக்குப் பேர்போனது. வீட்டுக்கு வந்ததும் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். அடுப்போரம் வைத்தால் பசை விட்டு, அடுத்த மலையில் அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும்.