தேனும் இளநீரும் வேர் பிடிக்க வைக்குமா? குச்சி நடுபவர்களுக்கு ஒரு விளக்கம்

(காட்சி: கம்பம் பள்ளத்தாக்கு. கவாத்து முடிந்த திராட்சைப் பந்தலின் கீழ் குவிந்து கிடக்கும் குச்சிகள்.)

வணக்கம். கவாத்து முடிந்த தோட்டத்தில் இப்படிக் குவிந்து கிடக்கும் குச்சிகளில், பென்சில் பருமனும் நான்கு கணுக்களும் கொண்ட முற்றிய குச்சி எதுவும் புதிய கொடியாக வளரக்கூடியது. இங்கிருந்து மலையேறிக் குமுளிக்குப் போனால், மிளகுக் கொடியையும் இப்படித்தான் வெட்டி வைத்துப் பெருக்குகிறார்கள். வெட்டிய குச்சி வேர் பிடிப்பதற்குத் தேன், இளநீர், கற்றாழை, இலவங்கப்பட்டைத்தூள், சாணம் என்று ஆளுக்கொரு பொருளைச் சொல்வதால், எந்தப் பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்பதை இன்று பிரித்துப் பார்க்கலாம்.

(காட்சி: குச்சியின் படம். நுனியிலிருந்து அடி நோக்கி இறங்கும் அம்புக்குறி.)

வேரைத் தூண்டும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப்பொருள் மொட்டுகளிலும் இளந்தளிர்களிலும் உருவாகி, கீழ்நோக்கி இறங்கி, வெட்டிய அடிப்பகுதியில் வந்து தேங்குகிறது. தேங்கிய இடத்தில் முதலில் வெண்மையான திசுக்கட்டி தோன்றும். பெரும்பாலும் அதை ஒட்டியோ கணுவை ஒட்டியோ வேர் வெளிவரும். குச்சியைத் தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காமல் போவதற்கும், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டச் சொல்வதற்கும் இதுவே காரணம். மேல்முனையை நேராக வெட்டிவிட்டால் எது தலை, எது அடி என்ற குழப்பமும் வராது.

(காட்சி: கண்ணாடிக் குவளையில் இளநீர்.)

அதிகம் பேசப்படும் இளநீரிலிருந்து தொடங்குவோம். 1941 ஆம் ஆண்டிலேயே வான் ஓவர்பீக் என்னும் தாவரவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஊமத்தையின் இளங்கருவை வளர்க்கத் தேங்காய்க்குள் இருக்கும் நீரைப் பயன்படுத்தினார்கள். அந்த நீரில் சைட்டோகைனின் வகைப் பொருள்கள் இருப்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் சைட்டோகைனின் தளிரைத் தூண்டுவது, வேரைத் தூண்டுவதன்று. ஆக்ஸின் மிகுந்தால் வேரும் சைட்டோகைனின் மிகுந்தால் தளிரும் தோன்றும் என்பதை 1957 இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். ஆகவே தண்ணீர் கலக்காத இளநீரில் குச்சியை இரவு முழுவதும் ஊற வைத்தால், வேர் வருமுன் மொட்டு விரிந்து, குச்சியில் சேமித்திருந்த உணவைத் தின்றுவிட்டு வாடிப்போக வாய்ப்புண்டு. போதாக்குறைக்கு அதிலுள்ள சர்க்கரை பூஞ்சைக்கும் விருந்தாகும். செம்பருத்திக் குச்சிகளை அப்படி ஊற வைத்து, மறுநாள் புளித்த வாடையோடு தூக்கி எறிந்தவன் நான். இப்போது ஒரு பங்கு இளநீருக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து, அரை மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை.

(காட்சி: தேன், பட்டைத்தூள், கற்றாழை மடல்.)

தேனில் வேரூக்கி இருப்பதாகக் கருத வேண்டாம். அது செய்வது காவல் வேலை. நீர் கலந்த தேனில் ஒரு நொதி செயல்பட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிதளவில் உருவாவதால் நுண்ணுயிர்கள் ஒடுங்குகின்றன. கொதிக்கும் நீரில் தேனைக் கலந்தால் அந்த நொதி அழிந்துவிடும் என்பதால், காய்ச்சிய நீர் நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். பட்டைத்தூளும் பூஞ்சையைத் தடுப்பதே. வெட்டுமுனையில் லேசாகத் தொட்டால் போதும், அப்பினால் திசு காய்ந்துவிடும். கற்றாழைச் சோறு வெட்டுவாயை உலராமல் காக்கிறது. சாணத்தின் இடம் மேல்முனை. நடுவதற்கு வெட்டிய முருங்கைப் போத்தின் தலையில் சாணியை உருட்டி வைக்கும் நம் வழக்கம் ஈரம் வெளியேறாமல் இருப்பதற்காகத்தான். பச்சைச் சாணத்தை அடியில் வைத்தால் சூட்டால் அழுகும்.

(காட்சி: மலை ஓடைக்கரை மரம்.)

வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் வில்லோ மரத்தின் இளங்குச்சிகளை நறுக்கி, ஒருநாள் நீரில் ஊற வைத்து, அந்த நீரைக் குச்சிகள் வேர் பிடிப்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். அந்த இனத்தின் உறவான ஆற்றுப்பாலை நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகளில் வளர்கிறது. கிடைப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

(காட்சி: மிளகுக் கொடியின் அடிப்பகுதி.)

எந்தக் கரைசலைவிடவும் எந்தக் குச்சியை எடுக்கிறோம் என்பதே பெரிது என்பதற்கு மிளகு நல்ல சான்று. அடியிலிருந்து தரையில் படரும் ஓடுகொடியை மலையாளத்தில் செந்தலை என்பார்கள். அதை வெட்டி நட்டால் மரமேறும் கொடி கிடைக்கும். காய்க்கும் பக்கக்கிளையை நட்டால் தொட்டியில் நிற்கும் புதர்மிளகுதான் கிடைக்கும். தேன் தடவினாலும் இது மாறாது. அந்த மிளகு பற்றியேறும் முள்முருங்கையோ, எந்த உதவியும் இன்றிப் போத்தாக ஊன்றினாலே வேர் பிடித்துக்கொள்கிறது. அதற்குத் தேன் தடவுவது தேனுக்குத்தான் நட்டம்.

(காட்சி: இரண்டு தட்டுகளில் நடப்பட்ட குச்சிகள்.)

மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவில் கலந்து, நிழலில், ஈரம் காயாமலும் நீர் தேங்காமலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கொடியில் வெட்டிய குச்சிகளில் பத்தை நீங்கள் சோதிக்க விரும்பும் கரைசலிலும் பத்தை வெறும் தண்ணீரிலும் நனைத்து, ஒரே நாளில் நடுங்கள். தளிர் விட்டதைக் கண்டு உடனே நாற்றுப் பைக்கு மாற்ற வேண்டாம். குச்சியிலிருந்த உணவைக் கொண்டே தளிர் வந்திருக்கலாம். குச்சியை விரலால் மெல்ல இழுக்கும்போது மண் பிடித்துக்கொண்டால் மட்டும் மாற்றுங்கள். இரண்டு தட்டுகளிலும் எத்தனை குச்சிகள் அப்படிப் பிடித்தன என்பதை எண்ணிக் கீழே எழுதுங்கள்.