அம்மா குவைத்துக்குப் போன ஏக்கமா, ஓட்டிசமா?

வணக்கம். இன்றைக்கு டச்பே கடற்கரையிலிருந்து பேசுகிறேன், காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அம்மம்மா கேட்டிருந்தார். பேரனுக்கு 14 வயது. முகம் பார்த்துப் பேசமாட்டான், கூட்டாளிமார் இல்லை, சின்ன மாற்றம் வந்தாலும் வெடித்துவிடுவான். "தாய் குவைத்துக்குப் போன ஏக்கம்தான், வேறொன்றுமில்லை" என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார்.

திருகோணமலையில் எங்களுக்கு இருக்கிற தொல்லையே இதுதான். எந்தப் பிள்ளைக்கும் ஒரு காரணம் தயாராக நிற்கும். சண்டை, சுனாமி, இடப்பெயர்வு, இல்லையென்றால் வெளிநாடு போன தாய். பொய்க் காரணங்கள் இல்லை. ஆனால் அது கண்முன் நிற்பதால், அதற்கு முன்பு பிள்ளை எப்படி இருந்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஓட்டிசம் (autism) என்பது மூளை வளர்ச்சியே சிறுவயதிலிருந்து வேறு மாதிரி அமைவது. உளக்காயம், பயங்கரமான அனுபவம் மனதில் விட்ட வடு. பிணைப்புச் சிக்கல், வளர்ப்பவரோடு நம்பிக்கையான உறவு சரியாக அமையாதது. வெளிப்பார்வைக்கு இந்த மூன்றும் ஒரே மாதிரித் தெரியும். பிரிட்டனில் ஹீதர் மோரன் என்ற உளவியலாளர் 2010இல் 'கவன்ட்ரி கிரிட்' என்று ஓர் அட்டவணை வெளியிட்டார். ஒரே நடத்தை ஓட்டிசப் பிள்ளைகளிடமும் பிணைப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளிடமும் எப்படி வேறுபடுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அது பரிசோதனை இல்லை, சிகிச்சை அனுபவத்தில் கண்டதன் தொகுப்பு. ஆனாலும் பார்க்கப் பழக்கும்.

சாப்பாட்டையே எடுங்கள். ஒரு பெடியன் புட்டில் மீன்குழம்பு பட்டால் தொடமாட்டான். எப்போதும் வாங்கும் பிஸ்கட்டின் உறை நிறம் மாறினால் அதுவும் வேண்டாம். இன்னொருவன் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான், ஆனால் தலையணைக்குக் கீழே பிஸ்கட் ஒளித்து வைத்திருப்பான். வீட்டில் இரண்டு பேருக்கும் 'சாப்பாட்டுக்கு அடம்' என்றே பெயர். முதலாமவன் ஓட்டிசப் பக்கம், அவனுக்குச் சிக்கல் வாயில் படும் தன்மையும் பழகியது மாறுவதும். மற்றவன் பிணைப்புச் சிக்கல் பக்கம், அவனுக்கு நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயம்.

ஐயோ, ஒரு மான் வந்து என் பையை மோந்து பார்க்குது. போ, போ. சரி.

வெடிப்பதற்கு முன் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ரியூசன் நேரம் திடீரென்று மாறியதா, கோயில் திருவிழா ஒலிபெருக்கியா? ஓட்டிசப் பக்கம் யோசிக்கலாம். யாரோ குரலை உயர்த்தினார்களா, அம்மா எடுப்பதாகச் சொன்ன போன் வரவில்லையா? அப்போது உளக்காயப் பக்கம். காயப்பட்ட பிள்ளை அநேகமாக எங்கள் முகத்தை விடாமல் படித்துக்கொண்டே இருக்கும். நம்பும் ஒருவரிடம் வேறு ஆளாக மாறும். ஓட்டிசப் பிள்ளையின் சிரமம் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறாது. கோடு போட்ட மாதிரிப் பிரியாது என்பதையும் சொல்லவேண்டும். ஓட்டிசப் பிள்ளைக்கும் தாய் போனால் ஏக்கம் வரும். சில பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடித்தே பத்தாம் ஆண்டு வரைக்கும் சமாளித்துவிடுவார்கள். அதனால் 'இப்பத்தான் தொடங்கியது' என்பதை அப்படியே நம்பமுடியாது.

ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்டு பிரிட்டனில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி மைக்கேல் ரட்டர் குழு 1999இல் எழுதியது. கடும் புறக்கணிப்பில் இருந்த சிலரிடம் ஓட்டிசம் போன்ற அறிகுறிகள் இருந்தன. நல்ல வீட்டில் வளர வளர அந்தச் சாயல் குறையவும் செய்தது. ஆனால் அது மிக மோசமான புறக்கணிப்பு. அம்மம்மாவின் மடியில் வளர்ந்த பிள்ளைக்கு அதைப் பொருத்திவிடாதீர்கள்.

அந்தத் தாய் இதைப் பார்த்தால், தங்கச்சி, ஓட்டிசம் நீங்கள் போனதால் வருவதில்லை. தாயின் அன்பு போதாமல்தான் ஓட்டிசம் வருகிறது என்ற பழைய கருத்தை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்கள். ஓட்டிசமும் உளக்காயமும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம் என்பதும் உண்மை.

வைத்தியரிடம் போகும்போது பிள்ளையின் பழைய கிளினிக் கொப்பி, முன்பள்ளி ரிப்போர்ட், போனில் கிடக்கும் பிறந்தநாள் வீடியோக்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தாய் போவதற்கு முன்பு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினானா, ஒன்றைக் கைகாட்டிக் காட்டினானா, எப்படி விளையாடினான்? குவைத்துக்கு போன் போட்டுத் தாயிடமே கேட்டு எழுதுங்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அதுவரை, நாளைக்கு வீட்டில் ஏதும் மாறப்போகிறதென்றால் இரவே அவனிடம் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் அது உதவும்.