பட்டை கழட்டுனா யூ போல்ட்டும் புதுசுதான் போடணும்

வணக்கம் மக்களே. பக்கத்து வயல்ல அறுப்பு மெஷின் ஓடுது, சத்தம் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்கங்க.

நம்ம பிக்கப்போட பின்பக்கம் இறங்கிட்டு. பாருங்க, எவ்வளவு அழகா நிக்குது! போன வீடியோல வாலைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சுல்ல? இப்ப சக்கரத்து நடுவுல இருந்து தொட்டி அடி வரைக்கும் அளந்தா 45 மில்லி குறைஞ்சிருக்கு.

கமெண்ட்ல சில பேரு, 'அண்ணே, தரையை உரசற மாதிரி இறக்குங்க'ன்னு கேட்டிருந்தீங்க. அது நான் பண்ண மாட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. அதைவிட, நம்ம ஊரு வாய்க்கால் பாலமும் வண்டிப் பாதையும் உங்களுக்கே தெரியும். நான் பண்ணுனது, முன்னாடி வச்சிருந்தவங்க ஏத்துன எக்ஸ்ட்ரா பட்டையை, அதாவது பின் சக்கரத்துகிட்ட அடுக்கியிருக்குற ஸ்பிரிங் தகட்டைக் கழட்டி, பழைய கம்பெனி உயரத்துக்கே கொண்டு வந்தது.

டெல்டாவுல பிக்கப் வாங்குனா முதல் வேலையே பட்டை ஏத்துறதுதானே. கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ சிப்பமா நெல்லை அடுக்கி அடுக்கி ஏத்துவாங்க, பட்டை உக்காந்துடும், உடனே ரெண்டு மூணு பட்டை கூடச் சொருகிடுவாங்க. நமக்கு அந்த லோடு கிடையாது. வாழையிலைக் கட்டு, தேங்காய், எப்பவாவது ஒரு பம்புசெட் மோட்டாரு. அதுக்கு எட்டு பட்டையோட ஓட்டுனா மன்னார்குடியில இருந்து தஞ்சாவூர் போறதுக்குள்ள இடுப்பு கழண்டுடும். மூணை எடுத்துட்டேன், இப்ப அஞ்சு.

இனிமேதான் விஷயம். எனக்குக் கோவம் வந்ததும் இங்கதான்.

பட்டையைக் கழட்டிக் குடுத்த கடையில, பழைய யூ போல்ட்டையே திருப்பி மாட்டப் பாத்தாங்க. பட்டையை ஹவுசிங்கோட, அதாவது பின் அச்சு இருக்குற குழாயோட, சேத்து இறுக்குற 'யூ' வடிவ போல்ட்டுதான் அது. 'நல்லாத்தான இருக்கு, நட்டு ஏறலன்னா ரெண்டு வாஷர் போட்டுக்கலாம், இல்ல மரை வெட்டுற டையைப் போட்டு மரையைக் கொஞ்சம் இழுத்துடலாம், 90 ரூவா குடுங்க'ன்னாங்க. 90 ரூவாய்க்கு ஹவுசிங்கையே வண்டியில இருந்து பிரிச்சு விடுற வேலைங்க அது! ஏன்னு சொல்றேன்.

இந்தாங்க, பழைய போல்ட்டு. கேமரா கிட்ட காட்டறேன். 14 மில்லி தடிமன். மரை நுனியில இருந்து 50 மில்லி வரைக்கும்தான். முன்னாடி நட்டுக்குக் கீழ வால் 18 மில்லி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, நட்டு உயரம் 14. ஆக 32 போச்சு, மேல மிச்ச மரை 18 மில்லி. நான் எடுத்த பட்டை ஒண்ணொண்ணும் 8 மில்லி, மூணும் சேந்து 24. அப்ப நட்டு 24 மில்லி மேல ஏறணும், ஆனா மரை இருக்குறது 18. ஆறு மில்லி பத்தாது.

என்ன ஆகும்? நட்டு மரை முடியற இடத்துல போய் முட்டி நிக்கும். ஸ்பேனருக்கு அது டைட்டான மாதிரிதான் தெரியும். இறுக்க அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் போட்டாலும் டிக்குனு அடிக்கும். ஆனா பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் பிடிப்பே இருக்காது. பிடிப்பு இல்லன்னா பிரேக் அடிக்கையில, ஆக்சிலரேட்டர் குடுக்கையில வர்ற இழுப்பு அத்தனையும், பட்டைங்க நடு ஓட்டையில இருக்குற சென்டர் போல்ட்டு மேல விழும். சென்டர் போல்ட்டு பட்டையை இடத்துல நிறுத்தத்தான், லோடு தாங்கறதுக்கு இல்ல. அது வெட்டிக்கிட்டுப் போச்சுன்னா ஹவுசிங் ஒரு பக்கம் பின்னால நகந்துடும், வண்டி கோணலா ஓடும். பட்டை அந்த ஓட்டைகிட்டயே ஒடியறதுக்கும் இந்த லூசுதான் முக்கால்வாசிக் காரணம்.

சரி, டையால மரை இழுத்தா என்ன? விரலால தடவிப் பாருங்க. மரை இருக்குற இடம் தண்டைவிடத் தடிச்சிருக்கு, தெரியுதா? இது உருட்டி எடுத்த மரை. தண்டே மரையைவிட மெலிசு. அதுல டை ஓட்டுனா பாதி ஆழத்துக்குத்தான் மரை விழும், இறுக்கும்போதே உரிஞ்சுடும். வாஷர் அடுக்குறது எனக்குக் கண்ணுலயே ஆகாது, அதைப் பத்திப் பேசவே வேணாம்.

யூ போல்ட்டை ஒரு தடவை முறையா இறுக்கிக் கழட்டுனா, அதைத் திரும்பப் போடக் கூடாது. இறுக்கும்போது தண்டு இழுபட்டு நீண்டிருக்கும். அதனால புதுசு.

அளவு எடுக்கறது எப்படின்னா, முதல்ல வளைவைப் பாருங்க. போல்ட்டு ஹவுசிங் குழாயைச் சுத்திப் பிடிச்சா வளைவு ரவுண்டு, அகலம் குழாயோட விட்டம். நம்ம வண்டியில பட்டைக்கு மேல குறுக்க உக்காந்து கீழ இறங்குது, அதனால வளைவு சதுரம், உள் அகலம் பட்டை அகலம், 60 மில்லி. ரவுண்டைக் கொண்டு வந்து பட்டை மேல வைக்காதீங்க, ரெண்டு ஓரத்துல மட்டும்தான் தொடும்.

நீளத்துக்கு, பட்டைக் கட்டு மொத்தத்தையும் கிளாம்பு போட்டு அமுக்கிட்டு அளந்தேன். மேல் பிளேட்டு 10, பட்டை 40, பட்டை உக்காரற சீட்டோட சேத்து ஹவுசிங் 80, கீழ் பிளேட்டு 12, வாஷர் 3, நட்டு 14. மொத்தம் 159. வாலுக்கு ஒரு 11 விட்டு 170. வால் நீளமா விட்டா வரப்புல, கரும்புக் கட்டையில இடிச்சு மரை நசுங்கும், அடுத்த தடவை நட்டு கழலவே கழலாது.

இந்த 170 உள் அளவுங்க. தஞ்சாவூர்ல யூ போல்ட்டு வளைச்சுக் குடுக்கற கடையில நான் உள் அளவுன்னு துண்டுக் காகிதத்துல எழுதியே குடுத்தேன். அப்படியும் வெளி அளவு 170க்கு ஒண்ணை வளைச்சு எடுத்துட்டு வந்தாங்க. தண்டு தடிமன் 14 போனா உள்ள 156தான். நட்டு முழுசா கூட ஏறாது! அங்கயே வெர்னியரை வச்சுக் காட்டுனேன். அந்தப் பெரியவரு மறுபேச்சு பேசாம அதை ஓரமா போட்டுட்டு, புதுத் தண்டுல இருந்து வளைச்சுக் குடுத்தாரு. நெருப்புல காட்டாம, பச்சையாவே பிரஸ்ல வளைச்சாரு. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. சூடு காட்டுனா பதம் போயிடும்.

விலை: ஒண்ணு 340, நாலு 1,360. நட்டு தனியாம்! எட்டு நட்டு, ஒண்ணு 25, இன்னும் 200 ரூவா. யூ போல்ட்டுன்னா நட்டோடதானங்க யூ போல்ட்டு? நட்டு இல்லாம அதை வச்சு நான் என்ன, கொல்லையில கொடி கட்டவா? விடவே இல்ல நான். டீ வந்துச்சு, குடிச்சோம், திரும்பவும் கேட்டேன். கடைசியில 1,360க்கே நட்டு, வாஷர் எல்லாம் சேத்து வாங்கிட்டேன். அன்னிக்கு சாப்பாடே தனி ருசி.

ஆ, கிரேடு, அதாவது போல்ட்டோட வலு, சொல்ல விட்டுட்டேன். 10.9 வாங்குனேன். 8.8னா 800 மெகாபாஸ்கல் தாங்கும், 640ல திரும்ப வராத அளவுக்கு இழுபட ஆரம்பிக்கும். 10.9னா 1000, 900. நட்டும் அதுக்கு ஏத்த 10ஆம் கிரேடுதான் வேணும், சாதா நட்டுப் போட்டா நட்டு மரை உரிஞ்சுடும். மரை 1.5 பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.5 மில்லி, பொடி மரை. 14 மில்லியில 2 பிட்ச்சும் வரும், கலந்துடாதீங்க.

மாட்டும்போது சீட்டுல இருந்த பெயிண்டை மொத்தமா சுரண்டிட்டேன். பட்டை, சீட்டு எல்லாத்துக்கும் பளபளன்னு பெயிண்ட் அடிச்சுக் குடுக்கறாங்கல்ல, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பெயிண்ட் நசுங்கித் தேய்ஞ்சா அத்தனையும் லூசாயிடும். ஒவ்வொரு பக்கமும் நாலு நட்டையும் குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன். ஜாக்கிய இறக்கி, வண்டி சக்கரத்துல நின்ன பிறகுதான் கடைசி டார்க், அதுவும் சர்வீஸ் புக்ல போட்டிருக்குற அளவு. ஏர் கன் கிட்டயே கொண்டு போகல. சென்டர் போல்ட்டும் குட்டை சைஸுல புதுசு, அதையும் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க.

24 மில்லி பட்டை எடுத்ததுக்கு எப்படி 45 இறங்குச்சுன்னு கேப்பீங்க. தடிமன் போனது 24, பட்டைக் கட்டு மெத்துனு ஆனதால தொட்டி கனத்துக்கே கூடுதலா அமுங்குனது மிச்சம். அதனால இனி இந்த வண்டியில நெல்லு சிப்பத்தை அடுக்கலாமான்னு யாரும் கேக்காதீங்க, ஆர்.சி. புக்குல இருக்குற எடைதான்.

நேத்து நீடாமங்கலம் வரைக்கும் லோடோட போயிட்டு வந்து ரெஞ்ச் போட்டேன், எட்டுல மூணு நட்டு லேசா சுத்துச்சு. அது சகஜம், புதுப் போல்ட்டு உக்காரும். இன்னும் கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி பாக்கணும். லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கற வால்வு இருக்குற வண்டின்னா, உயரம் மாறுனதும் அதோட கம்பியையும் சரி பண்ணணும். நம்ம வண்டியில அது இருக்கு, வாங்க, அடியில படுத்துக் காட்டறேன்.