திரையில் நிகழும் போரும் படை அதிகாரியின் கல்வியும்

அவையோர்க்கு வணக்கம்.

படை அதிகாரிகளின் கல்வியில் கணினி எதற்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்விக்கு, கணினி தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் பாதி விடை கிடைத்துவிட்டது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி, தம் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செப்பனிட்டுப் படைத் தலைமையிடம் ஆடிக் காட்டினார். மேசைமீது நிலப்படம், இரு தரப்புக்கும் காய்கள், தாயக்கட்டை, இடையில் ஒரு நடுவர். ஆடுபவர் தம் கட்டளையை எழுதித் தர வேண்டும். அது களத்தைச் சென்றடைய ஆகும் நேரத்தையும் நடுவர் கணக்கில் கொள்வார். தம் படையின் பார்வைக்கு எட்டாத எதிரியின் காய், நிலப்படத்திலும் இடம்பெறாது. அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு உரிய நேரத்தில் முடிவெடுக்கப் பழக்கிய ஆட்டம் அது. இன்றைய பயிற்சி மென்பொருள் எதுவாயினும், இந்தப் பழக்கத்தை அது வளர்க்கிறதா என்றே நாம் முதலில் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்ப்பா 1983இல் தொடங்கிய சிம்நெட் திட்டம் இதை நன்கு உணர்ந்திருந்தது. டாங்கிக்குள் இருப்பதுபோல் பயிற்சி தரும் சிமுலேட்டர்களை வலையமைப்பால் இணைத்து, குழுக்கள் ஒரே களத்தில் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட அது வழிசெய்தது. திரையில் தெரிந்த காட்சி எளிமையானதுதான். குழுவாகச் சேர்ந்து போரிடக் கற்பதற்கு எவை தேவையோ அவற்றை மட்டும் மெய்யானவைபோல் அமைத்து, மற்றவற்றை விட்டுவிட்டார்கள். ஒளிரும் காட்சிகளைக் காட்டிக் கருவி விற்க வருவோரிடம் இந்த வரலாற்றைச் சொல்வது நல்லது.

வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 26 அன்று ஈராக்கியப் பாலைவனத்தில், மணற்புயலுக்கிடையே, அமெரிக்கப் படைக்கும் ஈராக்கியப் படைக்கும் '73 ஈஸ்டிங்' எனப்படும் டாங்கிப் போர் நடந்தது. போர் முடிந்தபின் ஆய்வுக் குழுவினர் களத்துக்கே சென்று தடயங்களை அளந்தும், போரிட்டவர்களிடம் கேட்டறிந்தும், அப்போரைக் கணினியில் மீண்டும் உருவாக்கினார்கள். அதைப் பார்க்கும் அதிகாரி, எந்த டாங்கியின் நிலையிலிருந்தும் களத்தைக் காணலாம். விரும்பிய கணத்தில் நிறுத்தி, அந்த டாங்கியின் தளபதிக்கு அப்போது என்ன தெரிந்திருந்தது என்று ஆராயலாம். களத்தை மணலில் வடித்துக் காட்டும் மணல் மாதிரியால் தர முடியாதது இதுவே. எண்ணிமக் கருவிகளின் தலையாய பயனும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

எதிர்மறைப் பாடமும் உண்டு. 2002இல் ஏறத்தாழ 25 கோடி டாலர் செலவில் அமெரிக்கா 'மில்லேனியம் சேலஞ்ச்' என்ற மாபெரும் பயிற்சியை நடத்தியது. எதிர்த்தரப்பை வழிநடத்திய ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்கப்படும் என்று வானொலியைத் தவிர்த்து, மோட்டார் சைக்கிள் தூதர்கள் மூலம் கட்டளை அனுப்பினார். பின்னர் ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் திடீரெனத் தாக்கி, விமானந்தாங்கிக் கப்பல் உட்பட 16 கப்பல்களைப் பயிற்சிக் கணக்கில் மூழ்கடித்தார். பயிற்சியை நடத்தியவர்களோ அக்கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்; எதிர்த்தரப்புக்குக் கட்டுப்பாடுகளும் விதித்தார்கள். எஞ்சிய நாட்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற அவர்களது காரணம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும், தோல்வியை அமர்ந்து ஆராயும் வாய்ப்பு அன்று வீணானது.

இன்னொரு சிக்கல் கண்ணில் படாதது. பிரஷ்ய நடுவரின் இழப்புக் கணக்கு அட்டவணையை எவரும் புரட்டிப் பார்க்கலாம், ஏற்காதவர் வாதிடலாம். 1876இல் பிரஷ்யப் படை அதிகாரி வெர்டி டு வெர்னுவா அந்த அட்டவணைகளையே ஒதுக்கி, பட்டறிவுள்ள நடுவரின் மதிப்பீட்டை முன்வைத்தார். மென்பொருளிலோ அதே கணக்குகள் நிரலுக்குள் புதைந்து கிடக்கின்றன. தம் படைப்பிரிவு ஏன் அழிந்தது என்று கேட்கும் பயிற்சி அதிகாரிக்குத் திரை ஓர் எண்ணை மட்டும் காட்டினால், அவர் கற்பது போர்க்கலையை அன்று, அந்த மென்பொருளை வெல்லும் சூட்சுமத்தை. ஆகவே பயிற்சிக் கழகங்கள் மென்பொருள் வாங்கும்போதே, அதன் அனுமானங்களை ஆசிரியர்கள் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமை கோர வேண்டும். பயிற்சியின் நடுவே வலையமைப்பைத் துண்டித்து, காகித நிலப்படத்தோடும் எழுத்துக் கட்டளையோடும் தொடரச் செய்யும் வேளைகளையும் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.